இரவல் சண்டை

அய்யம்பெருமாள் தன் வீட்டுப் பியரைப் பாட்டிலில் ஊற்றுவதை விட்டுவிட்டு முதன்முதலாகப் பீப்பாயில் அடைத்த அந்தக் கோடையில், தெருவிலிருந்த எல்லா வீடுகளிலும் ஒரே சண்டை நடந்தது. ஒரே மாதிரிச் சண்டை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதே சண்டை, சொல்லுக்குச் சொல் அதே சண்டை, நடுவில் மூச்சு வாங்குகிற இடம்கூட மாறாமல் நடந்த சண்டை. மெல்போர்னின் மேற்கு ஓரத்தில், ஒரு காலத்தில் ஆடு மேய்ந்த வெளியைச் சமப்படுத்திக் கட்டிய குடியிருப்பு அது. தெரு உள்ளே நுழைந்து ஒரு வட்டம் போட்டு அங்கேயே முடிந்துபோகும். திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவர் முதலில் வீடு வாங்கி, அவர் மச்சானைக் கூப்பிட்டு, மச்சான் சிநேகிதனைக் கூப்பிட்டு, கடைசியில் தமிழர் அல்லாதவர் என்று அங்கே மிச்சமிருந்தது கோஸ்தா என்ற கிரேக்கர் ஒருவர்தான். அவரும் பழகிப் பழகி, எதிர்ப்படுகிறவர்களை ‘என்ன அண்ணாச்சி’ என்று விசாரிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

அய்யம்பெருமாள் ரயில்பெட்டி பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். எதையும் கழற்றி மாட்டாமல் ஒரு நாள் போனால் அவருக்குக் கை நமநமவென்று இருக்கும். அப்படி ஆரம்பித்ததுதான் பியர் போடுவதும். பல வருஷமாகப் பாட்டிலில்தான் அடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின கோடையில் ஒரு மத்தியானம், வெயில் மண்டையைப் பிளந்த நேரத்தில், காரேஜில் அடுக்கியிருந்த பாட்டில்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வெடித்தன. சுவரெல்லாம் நுரை, வாசலில் காயப்போட்ட வடகமெல்லாம் கண்ணாடித் தூள். அவர் மனைவி ஆவுடை வடகத் துணியை அப்படியே சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, இனிமேல் இந்த வீட்டில் ஒரு பாட்டிலைப் பார்த்தால் நான் மனுஷியாக இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் அவர் கெக் என்கிற எவர்சில்வர் பீப்பாய்க்கு மாறினார். இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் குறைவு, மேலே இறுக்கி மூடும் மூடி, ஒரு பக்கம் காஸ் ஏறும், இன்னொரு பக்கம் பியர் இறங்கும். அதற்கென்று ஒரு காஸ் சிலிண்டர், ஒரு பழைய ஃபிரிட்ஜ், ஃபிரிட்ஜ் கதவைத் துளைத்து மாட்டிய ஒரு குழாய். புது மாப்பிள்ளை மாதிரி அந்தக் குழாயையே சுற்றிச் சுற்றி வந்தார்.

பீப்பாயில் அடைப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. புளித்து அடங்கிய வாளியிலிருந்து ரப்பர் குழாய் வழியாகப் பியரைச் சத்தமில்லாமல் இறக்க வேண்டும். ஒருவர் மேலே பிடிக்க வேண்டும், ஒருவர் கீழே பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே அய்யம்பெருமாள் குத்தவைத்திருந்தார், மேலே ஆவுடை நின்றாள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றால் ஒரே ஒரு பேச்சுதான் வரும். இரண்டு வருஷமாக அதுதான் வந்துகொண்டிருந்தது. அவர்களுடைய ஒரே மகள் தாமிரா ஒரு தீபாவளி அன்று கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவள், திரும்பி வரவில்லை, போன் எடுக்கவில்லை. அவள் போனது அப்பன் சொன்ன சொல்லாலா, ஆத்தாள் போட்ட தாழ்ப்பாளாலா என்பதுதான் பேச்சு.

“குழாயத் தூக்காதட்டி, காத்து உள்ள போயிரும்.”

“பிடிச்சுக்கிட்டுத்தான நிக்கேன். பிடிக்கச் சொன்னாப் பிடிக்கேன், சாத்தச் சொன்னாச் சாத்துதேன். வேற என்ன செய்ய?”

“நான் எப்பட்டி சாத்தச் சொன்னேன்? உள்ள இருக்கச் சொன்னேன். இருக்கச் சொல்லுததும் சாத்துததும் ஒண்ணா?”

“சொன்ன வாய் யாரு வாய்?”

“தாழ்ப்பாப் போட்ட கை யாரு கை?”

பீப்பாய் வாயைத் திறந்துகொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தது. சண்டை முழுவதும் அதற்கு மேலேதான் போய்வந்தது, ஆதியிலிருந்து அந்தம் வரை, ஒன்றையும் விடாமல். சண்டை உச்சத்தில் இருக்கும்போது பீப்பாய் நிரம்பியது. அய்யம்பெருமாள் மூடியை ஓங்கி அறைந்து மூடினார், காஸைத் திறந்தார். காஸ் ஏறியதும் மூடி மேலிருக்கும் வளையத்தை இழுத்து, உள்ளே சிக்கிய காற்றைப் புஸ்ஸென்று வெளியேற்ற வேண்டும். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால்தான் பியர் கெடாது. இதை அவர் எத்தனையோ முறை படித்திருந்தார், வீடியோவில் பார்த்திருந்தார், பட்டறையில் நாலு பேருக்கு விளக்கியும் சொல்லியிருந்தார். அன்றைக்குக் கோபத்தில் வளையத்தை இழுக்க மறந்துபோனார். பீப்பாயைத் தரையில் படுக்கப்போட்டு, காஸ் பியரில் கரைவதற்காகக் காலால் இப்படியும் அப்படியும் உருட்டினார், வாயால் திட்டிக்கொண்டே உருட்டினார். உள்ளே அடைபட்ட காற்றோடு சண்டையும் கரைந்தது.

அடுத்த வாரச் சனிக்கிழமை தெருவே காரேஜில் கூடியது. பொன்னிறத்தில் பியர் இறங்கியது. மேலே நுரை கலையாமல் நின்றது. அடுத்த வீட்டுச் செல்லச்சாமி முதல் மடக்கைக் குடித்துவிட்டு, மீசையில் நுரையோடு, “அண்ணாச்சி, இத்தன நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்திய இத?” என்று கேட்டான். அவன் மனைவி எஸ்தர், சாதாரணமாகக் கிறிஸ்துமஸ் ஒயினைக்கூட முகர்ந்துவிட்டு வைத்துவிடுகிறவள், ஒரு டம்ளர் குடித்தாள். கோஸ்தா வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு ஜாடி நிரப்பிக்கொண்டார். அய்யம்பெருமாளும் குடித்தார், ஆவுடையும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் அது வெறும் பியராக இருந்தது, ஏனென்றால் அவரவர் மூச்சின் வாடை அவரவருக்குத் தெரிவதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லித் தட்டு இறங்கும் முன்பே தெருவில் சண்டை ஆரம்பித்துவிட்டது. செல்லச்சாமிக்கும் எஸ்தருக்கும் இரண்டு பையன்கள், மகளே கிடையாது. இருந்தும் மகளை உள்ளே இருக்கச் சொன்ன வாய் யாருடையது, தாழ்ப்பாள் போட்ட கை யாருடையது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த படிக்க வந்த பையன்கள், கல்யாணத்தைப் பற்றி இன்னும் யோசித்துக்கூடப் பார்க்காதவர்கள், ஒருவன் அப்பனாகவும் ஒருவன் ஆத்தாளாகவும் நின்று நியாயம் கேட்டார்கள். புதிதாகக் கல்யாணமான வீட்டில் பெண்ணுக்கு ஐந்து மாதம். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெத்த பிள்ளையைப் பூட்டி வைத்தோமே என்று அழுதாள். கோஸ்தா தக்காளிப் பாத்தியின் நடுவில் நின்று செத்துப்போன தன் மனைவியோடு கிரேக்க மொழியில் சண்டை போட்டார், அவள் பதில் சொல்ல வேண்டிய இடங்களில் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் போட்டார். ஒரு மணிநேரம் ஆனதும் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் ஓய்ந்தது. எல்லாரும் முகத்தைக் கழுவிக்கொண்டு நல்ல பசியோடு சாப்பிட்டார்கள்.

தெரு இதற்குப் பழகிக்கொண்ட விதம்தான் விசேஷம். முதல் வாரம் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இரண்டாவது வாரம், இந்தச் சண்டை வந்துபோன பிறகு சொந்தச் சண்டை வருவதில்லை என்று கண்டுகொண்டார்கள். மாமியாரைப் பற்றி, மச்சினனைப் பற்றி, சமையலைப் பற்றி வருஷக்கணக்கில் புகைந்துகொண்டிருந்ததெல்லாம், அடுத்த வீட்டுச் சண்டையை ஆசைதீரப் போட்டு முடித்ததும் அடங்கிவிட்டது. ‘நம்ம சண்டையவிட இது சுத்தமா இருக்கு மைனி’ என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். இரவல் சண்டை என்று அதற்குப் பேரும் வைத்தார்கள். பொங்கல் விழாவுக்காக ஆரம்பித்திருந்த வாட்ஸ்அப் குழுவில், இந்த வாரம் யார் வீட்டுக்கு எத்தனை ஜாடி என்று பேசி முறைபோட்டுக்கொண்டார்கள். விருந்தாளி வருகிற வாரம் வேண்டாம், பிள்ளைகளுக்குப் பரீட்சை வாரம் வேண்டாம், மற்றபடி யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அது யாருடைய சண்டை என்று எல்லாருக்கும் முதல் நாளே தெரியும். தீபாவளி, விருந்து, கதவு, தாழ்ப்பாள் எல்லாம்தான் அதில் இருக்கிறதே. ஆனால் யாரும் அய்யம்பெருமாள் வீட்டில் போய் மூச்சுவிடவில்லை. தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வதில் நம் ஆட்களை மிஞ்ச உலகத்தில் ஆள் கிடையாது.

அய்யம்பெருமாள் வீட்டிலோ அமைதியாக இருந்தது. சண்டை பீப்பாய்க்குள் போய்விட்டதால் அவர்களிடம் அது இல்லை. காலையில் எழுந்தால் ஏதோ செய்ய வேண்டியது ஒன்று விட்டுப்போனதுபோல் இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள், அப்புறம் காப்பி குடிப்பார்கள். சாயங்காலம் சேர்ந்து நடக்கப் போனார்கள். ஆவுடை வாய்க்குள் பாடினாள். பின்னறைக் கதவை எதற்காகச் சாத்தியே வைத்திருக்கிறோம் என்று தெரியாமல், திறந்துபோட்டு, அங்கே கிடந்த ஒரு பெட்டியின் மேல் வடகம் பரப்பினாள். தாமிரா என்று ஒரு மகள் இருப்பது அவர்களுக்கு மறக்கவில்லை. அவள் எங்கோ தூரத்தில் இருக்கிறாள், பேசுவதில்லை, சில பிள்ளைகள் அப்படித்தான் இருக்கின்றன என்று இருந்தார்கள். அதில் ஒரு வலியும் இல்லை, அந்த வலி இல்லாததுதான் கொடுமை.

ஒருநாள் ஆவுடை கொத்தமல்லி கொடுக்க எஸ்தர் வீட்டுக்குப் போனபோது உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, புருஷனிடம், “யாரு பெத்த பிள்ளையோ, பாவம், என்ன பாடு படுத்தியிருக்காங்க அதப் போட்டு,” என்றாள். அய்யம்பெருமாளும் உச்சுக்கொட்டினார்.

தை பிறந்த பிறகு ஒரு வியாழக்கிழமை தாமிரா போன் செய்தாள்.

“அம்மா, எனக்கு அயர்லாந்துல வேலை கிடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃபிளைட். போறதுக்கு முன்னாடி ஒரு மணிநேரம் வீட்டுக்கு வரலாம்னு இருக்கேன்.”

“வாம்மா, வா. என்ன செஞ்சு வைக்கட்டும்?”

“சாப்பாடு வேண்டாம். அப்பா எங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்களும் சொல்லணும். அது கேக்கத்தான் வரேன்.”

“என்ன சொல்லணும்?”

 தாமிரா மெதுவாகக் கேட்டாள். “என்ன சொல்லணும்னு நானே சொல்லித் தரணுமாம்மா?”

“நெசமாவே தெரியலம்மா.”

“அப்படின்னா நான் வந்து பிரயோஜனமில்ல. தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை காலையில மெசேஜ் போடுங்க. இல்லன்னா நான் அப்படியே ஏர்போர்ட் போயிருவேன். அப்புறம் என்னத் தேட வேண்டாம்.”

போனை வைத்துவிட்டு ஆவுடை அடுக்களையில் அசையாமல் நின்றாள். மகளின் குரல் கேட்ட இடத்தில் என்னவோ இருந்திருக்க வேண்டும், இப்போது இல்லை என்பதை அவள் உடம்பு உணர்ந்தது. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுவதுபோல் மனசு அங்கேயே போய்ப் போய் வந்தது. அய்யம்பெருமாள் பட்டறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

“ஏங்க, தெருவுல எல்லாரும் ஒரு பிள்ளையப் பத்திச் சண்ட போடுதாங்களே. அது நம்ம பிள்ளையா இருக்குமோ?”

அவர் செருப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவர் வீடுவீடாகப் போனார். மகள் ஞாயிற்றுக்கிழமை கண்டம்விட்டுக் கண்டம் போகிறாள், நான் செய்தது என்னவென்று தெரிந்தால்தான் மன்னிப்புக் கேட்க முடியும், உங்களுக்குத் தெரியும், சொல்லுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டார். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை அண்ணாச்சி, எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே என்றார்கள். எதிர்வீட்டுப் பையன்கள் தரையைப் பார்த்தார்கள். ஐந்து மாதக்காரி இப்போது ஆறு மாதக்காரி. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோஸ்தா மட்டும் அவரைக் கட்டிப்பிடித்துக் கிரேக்கத்தில் நிறையச் சொன்னார், அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒரு மனுஷனின் முகத்துக்கு நேரே அவனுடைய பாவத்தைச் சொல்ல, குடிக்காமல் அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. அய்யம்பெருமாளுக்கு ஆத்திரமாக வந்தது, அவமானமாக வந்தது, எல்லாவற்றையும் மீறிப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் காரேஜுக்குப் போய்ப் பீப்பாயைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். கனமே இல்லை, அடியில் கொஞ்சம் சலசலத்தது. குழாயைத் திறந்தபோது இருமி இருமி இரண்டு டம்ளர் வந்தது, பிறகு வெறும் காஸ். அந்த இரண்டு டம்ளரையும் ஆளுக்கொன்றாக ஏந்திக்கொண்டு, சிந்திவிடாமல் அடியடியாக நடந்து, அவரும் ஆவுடையும் செல்லச்சாமி வீட்டுக்குப் போனார்கள்.

“இதக் குடிங்க. குடிச்சிட்டு எங்க முன்னால சண்ட போடுங்க,” என்றார் அய்யம்பெருமாள்.

“அண்ணாச்சி, சொன்னாக் கேளுங்க, வேண்டாம். எதுக்கு அதப் போயி…”

“எய்யா, கால்ல வேணும்னாலும் விழுதேன்.”

எஸ்தர்தான் முதலில் டம்ளரை வாங்கினாள். சிலுவை போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். செல்லச்சாமி அவளைப் பார்த்தான், பிறகு அவனும் குடித்தான். சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேர், இந்தப் பக்கம் இவர்கள் இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் செல்லச்சாமி தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்தான், அது அய்யம்பெருமாள் உட்காரும் விதம். எஸ்தர் முந்தானையை இழுத்துச் செருகினாள், அது ஆவுடையின் வழக்கம். எஸ்தர் அன்றைக்குச் சேலைகூடக் கட்டியிருக்கவில்லை.

“உள்ள இருன்னுதான் சொன்னேன்,” என்று செல்லச்சாமி ஆரம்பித்தான். “தீபாவளியும் அதுவுமா தெருவே சாப்பிட வாராங்க. புருஷன விட்டுட்டுப் பெட்டியோட வந்து நிக்கான்னு தெரிஞ்சா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. ரெண்டு மணிநேரம் பின்னால ரூம்ல சத்தம் காட்டாம இருன்னு சொன்னேன். பெத்த அப்பன் அதுகூடச் சொல்லக் கூடாதா?”

“சொன்னிய. அவ மூஞ்சிக் காயம்கூட ஆறல. வந்து ஒரு நாளு ஆகல. வாழ்த்துச் சொல்ல வாராங்க, உன்னப் பாத்தா எனக்குத் தல குனிவுன்னு சொன்னிய.”

“நீ எதுக்குட்டி தாழ்ப்பாப் போட்ட?”

“பிள்ளைங்க ஓடிப்பிடிச்சு விளையாடிக்கிட்டு உள்ள போயிரக் கூடாதுன்னு போட்டேன். போட்டுட்டு உங்களப் பாத்தேன். வேண்டாம்னு சொன்னியளா?”

“நான் அங்க ஆளுங்களுக்கு ஊத்திக்கிட்டு நின்னேன்.”

“ஆமா, ஊத்திக்கிட்டு நின்னிய. மக எப்பிடி இருக்கான்னு செல்லச்சாமி கேட்டாம்லா? நல்லா இருக்கா, மாப்பிள்ளையோட ரொம்ப சந்தோஷமா இருக்கான்னு சொன்னிய. சொவத்துக்கு அந்தப் பக்கம் அவ நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா.”

செல்லச்சாமியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, ஆனால் குரல் அய்யம்பெருமாளுடையதாகவே இருந்தது. “அவ தட்டும்போது நீ போய்த் திறந்திருக்கலாம்லா? அம்மா, தண்ணின்னு ஒன்னத்தான கூப்பிட்டா.”

“நீங்க பாட்டுச் சத்தத்தக் கூட்டுனிய.”

“நீ மிக்ஸியப் போட்ட.”

“உங்களுக்குக் கேட்டுச்சு.”

“ஒனக்கும் கேட்டுச்சு.”

மறுபடியும் மறுபடியும் அதையே சொன்னார்கள், உங்களுக்குக் கேட்டுச்சு, ஒனக்கும் கேட்டுச்சு என்று, குரல் தேய்ந்து போகும்வரை சொன்னார்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் கேட்கக் கேட்க எல்லாம் திரும்பி வந்தது. பின்னறைக் கதவின் பச்சைப் பெயிண்ட் வந்தது, மிக்ஸியில் அன்றைக்கு அரைபட்ட தேங்காய் வந்தது, பெண்ணின் கன்னத்தில் இருந்த காயத்தின் நிறம் வந்தது. எல்லாரும் போன பிறகு கதவைத் திறந்தபோது அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் இவர்களைக் கடந்து காரேஜ் வழியாக நடந்து போனது வந்தது. ஆவுடை வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். அய்யம்பெருமாளுக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் கூசியது.

போதை இறங்கியதும் செல்லச்சாமி தன் குரலுக்குத் திரும்பினான். நிமிர்ந்து பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தே பேசினான். “அண்ணாச்சி, அன்னிக்குத் தட்டுன சத்தம் எங்களுக்கும்தான் கேட்டுச்சு. அங்க இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சு. ஒருத்தரும் என்னன்னு கேக்கல. இவ்வளவு நாளும் அத நாங்க ருசிச்சுக் குடிச்சோம்.”

வீட்டுக்குத் திரும்பும்போது கணவனும் மனைவியும் சண்டை போடவில்லை. சொன்ன வாயையும் தாழ்ப்பாள் போட்ட கையையும் வைத்து இரண்டு வருஷமாக இழுத்த இழுப்பெல்லாம் எதற்காக என்று இரண்டு பேருக்கும் புரிந்திருந்தது. சண்டை நடந்துகொண்டிருந்தவரைக்கும் யாரும் தாமிராவிடம் போய்ப் பேச வேண்டியிருக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் ஆவுடை மகளுக்கு மெசேஜ் போட்டாள். தெரியும், வாம்மா என்று மட்டும் போட்டாள்.

மத்தியானம் தாமிரா வந்தாள். முன்வாசல் பக்கம் போகாமல், காரேஜ் கதவு திறந்திருந்ததால் அங்கேயே வந்து நின்றாள். தோளிலிருந்த பையை இறக்கவில்லை. கன்னத்தில் மெல்லிய தழும்பு இருந்தது. ஆவுடை நாற்காலி எடுத்துப் போட்டாள், அவள் உட்காரவில்லை.

“சொல்லுங்கப்பா.”

அய்யம்பெருமாள் சொன்னார். உள்ளே இருக்கச் சொன்னதைச் சொன்னார், தலைகுனிவு என்று சொன்னதைச் சொன்னார், சந்தோஷமாக இருக்கிறாள் என்று சொன்ன பொய்யைச் சொன்னார், தட்டிய சத்தம் கேட்டதும் பாட்டை ஏற்றியதைச் சொன்னார். ஆவுடை தாழ்ப்பாளைச் சொன்னாள், மிக்ஸியைச் சொன்னாள். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிச் சொல்லவில்லை.

“தண்ணி கேட்ட பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்கல நாங்க,” என்று ஆவுடை முடித்தாள்.

தாமிரா அம்மாவைப் பார்த்தாள். “எனக்குத் தாகமே இல்லம்மா,” என்றாள். “அந்த ரூம்ல குழாய் இருந்துச்சு. வாஷிங் மெஷின் பக்கத்துல. தண்ணி வேணும்னா நானே பிடிச்சுக் குடிச்சிருப்பேன். நீங்க கதவத் திறப்பீங்களான்னு பாக்கத்தான் தட்டினேன்.”

 அந்தக் குழாய் அந்த அறையில்தான் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும், அதை மாட்டியதே அய்யம்பெருமாள்தான். இத்தனை வருஷச் சண்டையில் ஒரு தடவைகூட அது அவர்களுக்குத் தோன்றவில்லை.

“அன்னைக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும் நான் சந்தோஷமா இருக்கேன்னு சொன்னீங்க இல்லப்பா,” என்றாள் தாமிரா. “அதே ஆளுங்ககிட்ட இதச் சொல்லுங்க. நான் இங்கயிருந்து கேக்கறேன்.”

அவர் வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் தெரு முழுக்க வாசலில்தான் இருந்தது. சிலர் கார் கழுவினார்கள், சிலர் காலி ஜாடியோடு நின்றுகொண்டு, பீப்பாய் தீர்ந்துபோன செய்தியை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கோஸ்தா தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அய்யம்பெருமாள் தெரு முடிகிற வட்டத்தின் நடுவில், வெயிலில், செருப்பில்லாமல் போய் நின்றார். எல்லாரும் திரும்பினார்கள். அன்றைக்குத் தீபாவளிக்கு என் வீட்டுக்கு நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள், என்று ஆரம்பித்தார். என் மகள் புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு என்னை நம்பி வந்திருந்தாள், அவளைப் பின்னால ரூம்ல இருக்கச் சொன்னேன்.

அவர் சொல்லச் சொல்ல, தெருவில் நின்ற எல்லாருடைய உதடுகளும் சேர்ந்து அசைந்தன. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வாரவாரம் போட்ட சண்டை, அட்சரம் பிசகாமல் வந்தது. எஸ்தரின் உதடு அசைந்தது, செல்லச்சாமியின் உதடு அசைந்தது, படிக்க வந்த பையன்கள், ஆறு மாதக்காரி, தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி கோஸ்தா, அத்தனை பேரும் அவரோடு கூடவே சத்தமில்லாமல் சொன்னார்கள். தாழ்ப்பாள் போட்டோம் என்றார், உதடுகள் சொல்லின. தட்டிய சத்தம் கேட்டது என்றார், உதடுகள் சொல்லின. அம்மா, தண்ணி என்று கேட்டாள் என்றார், தெருவே அதைச் சொன்னது. காரேஜ் வாசலில் தாமிரா தோளில் பையோடு நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“தாகத்துக்குத் தட்டலயாம்,” என்றார் அய்யம்பெருமாள்.

உதடுகள் நின்றன.

“உள்ள குழாய் இருந்துச்சாம். நாங்க கதவத் திறப்போமான்னு பாக்கத்தான் எம்பிள்ள தட்டிருக்கா.”

அந்த வரி தெருவில் யாருக்கும் தெரியாது. அதை அவர் தனியாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.